இவர் கோர்ட்டுக்கு வருவாரா?

தேசிய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் மதுரைக் கிளை வாசலில் அன்றைக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். நிலுவை வழக்கு ஒன்றுகூட இல்லாத கிளை என்று டில்லியிலிருந்து கேடயம் வந்திருந்ததாம். உள்ளே நுழைகிறவர்களுக்கெல்லாம் லட்டு. நான் வாங்கவில்லை. கடைக்கு ஆளே வரவில்லை என்பதற்காக லட்டு கொடுக்கிற கடைக்காரனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் பெயர் வடிவாம்பாள். இந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீலாக முடி நரைத்தவள். என்னோடு வந்திருந்தவள் பிலோமி. தூத்துக்குடிக் கரையில் செபஸ்தியார்துறை என்கிற ஊரில் மீன் விற்கிறவள். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஜெனிட்டா என்று ஒரே மகள், நிச்சயம் ஆகி கல்யாணத்துக்குக் காத்திருப்பவள். புயலுக்குப் பிறகு அரசாங்கமே கட்டிக் கொடுத்து, பட்டாவும் கொடுத்த வீட்டில் இருவரும் இருந்தார்கள். அந்த வீட்டை ஈஸ்டருக்குள் காலி செய்ய வேண்டும் என்று கரையோர வாரியம் ஆணை அனுப்பியிருந்தது. பிலோமிக்கு மட்டுமல்ல, ஊர் முழுவதற்கும். அனுப்புவதற்கு முன் ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளைக் கேட்காமல் வீட்டைப் பிடுங்கக் கூடாது என்பது இந்தத் தீர்ப்பாயம் பிறந்த நாளிலிருந்து சொல்லிவருகிற முதல் பாடம். சட்டக் கல்லூரியில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனுக்கும் அது தெரியும்.

மனுவை வாங்கிய குமாஸ்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“கேடயம் வந்த அன்னைக்கே கேஸ் கொண்டு வர்றீங்களே மேடம்.”

“நாளைக்கு வந்தா கேடயத்தைத் திருப்பிக் குடுக்கணுமே, அதான் இன்னைக்கே வந்தேன்” என்றேன்.

மனுவுக்கு எண் விழுந்தது. நாங்கள் படி இறங்குவதற்குள் பிலோமியின் போன் அடித்தது. வாரியத்திலிருந்து குறுஞ்செய்தி. அவள் வீட்டைப் பொறுத்தவரை ஆணை வாபஸ்.

அவள் அதை என்னிடம் நீட்டி, “இம்புட்டுதானா வக்கீலம்மா? இதுக்குத்தான் ஊரெல்லாம் பயந்துகிட்டு கெடக்காவளா?” என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நீதிபதி சிவப்பிரகாசம் முன்னால் வழக்கு வந்தது. வாரியத்துக்காக எழுந்தவன் குற்றாலிங்கம். கல்லூரியில் என் வகுப்பு. இந்தக் கிளையில் அவனைவிடக் கெட்டிக்கார வக்கீல் இல்லை என்பதை எனக்கு வயிற்றெரிச்சலோடுதான் ஒப்புக்கொள்ள முடியும்.

“ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டோம், மை லார்ட். தேவைப்பட்டால் புதிய ஆணை பிறப்பிக்கும் உரிமையோடு.”

“மை லார்ட், ஆணை சட்டவிரோதம் என்று ஒரு வரி தீர்ப்பு வேண்டும்” என்றேன்.

“இல்லாத ஆணையை நான் எப்படிம்மா ரத்து செய்றது? உங்க கட்சிக்காரர் கேட்டது கிடைச்சாச்சு. வழக்கு முடிந்தது.”

நீதிபதி நல்லவர்தான். ஆனால் கேடயம் அவர் மேஜைமேல் இருந்தது.

கேன்டீனில் குற்றாலிங்கத்தைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“மனுவுல மை காயறதுக்குள்ள வாபஸ் வருது. எப்படிடா?”

“ஜோசியர் சொல்லிருக்கும்.”

ஜோசியர் என்பது நாங்கள் வைத்த பெயர். அரசாங்கத்தின் முன்னாய்வு இயந்திரத்துக்குத்தான் அப்படி ஒரு பெயர்.

“ஆரம்பத்துல இது நல்லதுக்குத்தான் வந்துச்சு வடிவு. தீர்ப்பாயம் இதுவரைக்கும் சொன்ன தீர்ப்பு அத்தனையும் அதுக்குள்ள போட்டாச்சு. ஒரு அதிகாரி ஆணை போடணும்னா முதல்ல அதுகிட்டக் கேக்கணும். ‘இது தீர்ப்பாயத்துல நிக்குமா?’ நிக்காதுன்னா போடக் கூடாது. அந்த வருஷங்கள்ல எத்தனை பேருக்கு பென்ஷன் வீடு தேடி வந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. எங்கள் பிழைப்பு படுத்தது, ஆனாலும் சந்தோஷப்பட்டோம்.

“அப்புறம்?”

“அப்புறம் எவனோ ஒரு புத்திசாலி இன்னொரு கேள்வியையும் சேர்த்தான். ‘இவர் கோர்ட்டுக்கு வருவாரா?’”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஆணை நிக்காது, ஆனா ஆள் வர மாட்டார்னு சொன்னா?”

“போடலாம்.”

“தப்புன்னு தெரிஞ்சே?”

“தெரியாமச் செய்யறதுக்கு மெஷின் எதுக்கு? போன்ல யாரோட நம்பர் இருக்கு, தெருவிளக்கு எரியலன்னு என்னைக்காவது புகார் குடுத்திருக்காரா, எந்தெந்த ஊருக்கு பஸ் ஏறுறார், அவருக்காகச் சண்டைக்கு வர ஆள் இருக்கா, எல்லாம் பாக்கும். உன் பிலோமி ஊர்ல இருந்து எந்தக் கோர்ட்டுக்கும் யாரும் போனதே கிடையாது. அதனால மொத்த ஊரும் வராதுன்னு கணக்குப் போட்டிருக்கு. மனு விழுந்ததும் மறுபடி கேட்டிருப்பாங்க. நீ கூட இருக்க. இவ விடமாட்டான்னு சொல்லிருக்கும். வாபஸ்.”

“மனு போட்ட எல்லாருக்கும் வாபஸா?”

“அது எப்படி? பாதிப் பேரு மனு போட்டுட்டு கோர்ட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டான். அந்த மாதிரி ஆளுன்னு தெரிஞ்சா அப்படியே விட்டுரும். பேர் கூப்பிடுவாங்க, ஆள் இருக்காது, தள்ளுபடி. சரி, டீ ஆறுது, குடி.”

“குத்தாலம், இந்தத் தீர்ப்பாயம் எதுக்கு வந்துச்சுன்னு மறந்துட்டியா? ஒரு காலத்துல தாசில்தார் அநியாயம் பண்ணாருன்னா கலெக்டர்கிட்ட மனு குடுப்பான். கலெக்டர் அதை ‘தக்க நடவடிக்கைக்கு’ன்னு எழுதி அதே தாசில்தாருக்கு அனுப்புவாரு. அடிச்சவன்கிட்டயே போய் வலிக்குதுன்னு சொல்லணும். அந்தக் கேவலம் வேண்டாம்னுதான் கவர்மென்ட் ஒரு பக்கமும் குடிமகன் ஒரு பக்கமும் சரிசமமா நிக்க ஒரு இடம் கட்டுனாங்க. நீங்க அந்த இடத்தை இடிக்கக்கூட இல்ல. யாரும் வந்து சேராத மாதிரி வழியை அடைச்சுட்டீங்க.”

“என்கிட்ட ஏன் கத்துற? நான் சம்பளத்துக்கு நிக்கிறேன்” என்றான். அவன் முகமும் நன்றாக இல்லை.

செபஸ்தியார்துறையில் யாரும் கோர்ட்டுக்குப் போகாததற்குக் காரணம் பயம் இல்லை. அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வலைத் தகராறோ, குடும்பத் தகராறோ, எதுவானாலும் குருசடி என்கிற சிலுவைக் கோவில் முன்னால் ஊர்க்கமிட்டி கூடிப் பேசித் தீர்க்கும். கமிட்டியைக் கேட்காமல் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போனால் ஊர்விலக்கு. விலக்கப்பட்டவரோடு யாரும் பேச மாட்டார்கள், கொடுக்கல் வாங்கல் கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள். தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொள்கிறோம் என்று அந்த ஊருக்கு அதில் பெரிய பெருமை. அந்தப் பெருமையைத்தான் ஜோசியர் வாயில்லாப்பூச்சி என்று படித்துக்கொண்டது.

பிலோமி கமிட்டியைக் கேட்காமல் வந்தவள். அவள் வீட்டு ஆணை மட்டும் வாபஸ் ஆனதும் ஊர் கொதித்தது. நான் நேரில் போய்க் கமிட்டித் தலைவர் கஸ்பாரிடம் பேசினேன். பெரிய உருவம், சின்னக் குரல், கணக்கில் புலி. அவர் ஒரே மாலையில் ஊரைச் சம்மதிக்க வைத்து, எல்லார் பெயரிலும் மனு போடச் சொன்னார். போட்டேன். எல்லாருக்கும் வாபஸ். வெடி வெடித்தார்கள், எனக்கு மாலை போட்டார்கள். ‘புதிய ஆணை பிறப்பிக்கும் உரிமையோடு’ என்பதை நான் எத்தனை தடவை சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை.

அந்த ஆடியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. படுத்த படுக்கை. போன் பேசவில்லை, கடற்கரைப் பக்கம் போகவில்லை. எனக்குக் காமாலை என்பது ஜோசியருக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி எல்லார் வீட்டுக்கும் ஆணை வந்தது. ஆண்கள் கடலில் இருந்த காலை நேரமாகப் பார்த்து, வடக்கு வரிசை வீடுகளை புல்டோசர் வந்து தள்ளிவிட்டுப் போனது. நான் எழுந்து உட்கார்ந்தபோது வடக்கு வரிசையில் கதவு நிலைகள் மட்டும் மணலில் கிடந்தன. ஒரு வக்கீலின் ஈரலை நம்பி ஒரு ஊர் இருக்க வேண்டியிருக்கிறது என்றால் அதற்குப் பெயர் சட்டமா?

உடம்பு தேறியதும் ஊருக்குப் போனேன். கஸ்பார் தன் வலைக்கூடத்தில் கமிட்டி ஆட்களை மட்டும் கூட்டியிருந்தார். பிலோமியையும் வரச் சொல்லியிருந்தார். ஜோசியரைப் பற்றி அவர்களிடம் நான் முன்பே சொல்லியிருந்ததால், போனையெல்லாம் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

“நீங்க ஒவ்வொரு மட்டமும் மனு போடுவிய, அவன் வாபஸ் வாங்குவான். நீங்க அசந்த நேரம் திரும்ப வருவான். இதுக்கு முடிவு என்ன வக்கீலம்மா?” என்று கேட்டார் கஸ்பார்.

“தீர்ப்புதான் முடிவு. நீதிபதி தன் கையால எழுதிட்டா அப்புறம் ‘இவர் வருவாரா’ங்கற கேள்வியையே அவங்க கேக்க முடியாது. ஆனா விசாரணை வரைக்கும் ஆணை உயிரோட இருக்கணுமே. மனு போட்டவர் வரமாட்டார்னு ஜோசியர் நம்பணும்.”

கஸ்பார் “ஊர்விலக்கு பண்ணிருவோம்” என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“ஒரு ஆளு கமிட்டியக் கேக்காம மனு போடட்டும். ஊரு கூடி அந்த ஆள விலக்கி வைக்கும். கேஸ விட்டாத்தான் சேப்போம்னு குருசடியில வச்சுச் சொல்லுவோம். வக்கீலம்மாவும் பேச்ச நிறுத்திருங்க. சுத்தி ஆளே இல்லாம ஒரு பொம்பள எத்தன நாளு கோர்ட்டு கேசுன்னு அலைவா? மெஷினு அப்படித்தான நெனைக்கும்?”

“நடிப்புன்னு கண்டுபிடிச்சுருமே” என்றார் ஒருவர்.

“நடிச்சாத்தான கண்டுபிடிக்கும். இந்தக் கூடத்துல இருக்கிற நம்மளத் தவுர ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. ஊருக்கு இது நெசம்.”

பயங்கரமான யோசனை. அதே சமயம், வேலை செய்யக்கூடிய ஒரே யோசனை. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

யார் மனு போடுவது என்று பேச்சு வந்தது. கஸ்பாரின் மகன் டொமினிக் தான் போடுவதாகச் சொன்னான். அவனுக்கு மாமனார் வீடு பெரிது, அவர்கள் சும்மா விட மாட்டார்கள் என்று தள்ளினார்கள். இன்னொருவரின் தம்பி போலீசில் இருக்கிறான், அவரும் வேண்டாம். ஒவ்வொரு பெயரும் வந்தது, ஒவ்வொன்றுக்கும் கேட்பதற்கு ஆள் இருந்தது. கடைசியில் கஸ்பார் பிலோமியைப் பார்த்தார்.

“ஒனக்குத்தான் கேக்க நாதி கெடையாது” என்றார். குரலில் கடுமை இல்லை, உள்ளதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்த்தார். “ம்” என்றேன்.

“எம்புட்டு நாளைக்கு?” என்று கேட்டாள் பிலோமி.

“கேசு முடியிற வரைக்கும்.”

“ஜெனிட்டாகிட்ட சொல்லலாமா?”

“கூடாது.”

பிலோமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள்.

மனுவை அவளே மதுரைக்கு வந்து தனியாகப் போட்டாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், முன்பு போலவே தன் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் போய்விட்டாள் என்று குருசடி முன்னால் ஊர் கூடி அவளை விலக்கியது. அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. பின்னால் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். ஏலக்கூடத்தில் அவளுக்கு மீன் கொடுக்கவில்லை. பஸ் ஏறி வேறு துறைக்குப் போய் வாங்கி வந்தாள். கோவிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்து போனார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவள் வாசலைத் தாண்டி ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிச்சயத்தாம்பூலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஜெனிட்டா தாயைப் பார்த்து, “ஒன் கேசால என் வாழ்க்கை போச்சு, அந்த மனுவ வாபஸ் வாங்கித் தொலையேன்” என்று அழுதிருக்கிறாள். பிலோமி பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜோசியருக்குத் தெரிந்திருக்கும்.

ஆணை வாபஸ் ஆகவில்லை. நாள் நெருங்க நெருங்க எனக்கு வேறொரு பயம் வந்தது. அவள் நிஜமாகவே வராமல் போய்விட்டால்? இயந்திரம் அவளை எடை போட்டது தப்பில்லையோ? என்னால் ஒரு போன்கூடப் போட முடியாது.

விசாரணை நாளன்று நான் வேறு வேலையாக வந்தவள் மாதிரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குற்றாலிங்கம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவன் முன்னால் ஒரே ஒரு கட்டு. தள்ளுபடி ஆகப்போகிற வழக்குக்கு அதுவே அதிகம்.

டவாலி வாசலுக்குப் போய், “பிலோமி! பிலோமி! பிலோமி!” என்று மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. நீதிபதி பேனாவை எடுத்தார். என்னையறியாமல் எழுந்து நின்றேன், ஆனால் எனக்கு வக்காலத்து கிடையாது. வாய் திறக்க முடியாது.

“இந்தா வந்துட்டேன்யா!” என்று வராந்தாவிலிருந்து குரல் கேட்டது. மீன் லாரியில் ஏறி வந்தவள் அப்படியே ஓடி வந்திருந்தாள். சேலையெல்லாம் மீன் வாடை. முன்வரிசை ஜூனியர் ஒருவன் மூக்கைப் பொத்தினான். அந்த வாடைக்காக நான் அன்றைக்கு எத்தனை லட்டு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

“ஆஜர் போட்டுக்குங்க” என்றார் நீதிபதி. “எதிர்த்தரப்பு?”

“வாரியத்துக்காக ஆஜராகிறேன் மை லார்ட்” என்ற குற்றாலிங்கம் அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கெட்டிக்காரன், ஒரு நொடியில் புரிந்துகொண்டான். “ஆணையைத் திரும்பப் பெறுவதாக எனக்குத் தகவல் வந்துகொண்டிருக்கிறது, மை லார்ட்.”

பிலோமி என்னைக் கைகாட்டினாள். “அந்தம்மாதான் என் வக்கீலு.” நீதிபதி அனுமதித்ததும் அங்கேயே வக்காலத்தில் அவள் கையெழுத்துப் போட, நான் முன்னால் வந்தேன்.

“மை லார்ட், பெயர் கூப்பிட்டாயிற்று. இரண்டு தரப்பும் ஆஜர் சொல்லியாயிற்று. இதற்குப் பிறகு ஆணையைத் திரும்பப் பெற இந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.”

சொன்னேன். முதல் கேள்வியைச் சொன்னேன், இரண்டாவது கேள்வியைச் சொன்னேன். வடக்கு வரிசையைச் சொன்னேன். என் காமாலையைக்கூடச் சொன்னேன்.

நீதிபதி குற்றாலிங்கத்தைப் பார்த்தார். “இப்படி ஒரு கேள்வி கேட்கப்படுகிறதா? ஆம், இல்லை என்று சொல்லுங்கள்.”

குற்றாலிங்கம் பொய் சொல்லியிருக்கலாம். “ஆம், மை லார்ட்” என்றான்.

சிவப்பிரகாசம் தன் மேஜையிலிருந்த கேடயத்தை எடுத்து டவாலியிடம் கொடுத்து, உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பிறகு தீர்ப்பைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

“அரசாங்கத்தை எதிர்த்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. அதற்கு முன் அரசாங்கத்தின் தவறை அரசாங்கமே விசாரித்துக்கொண்டது. இந்த நீதிமன்றம் உருவான பிறகு அதிகாரிகள் ஆணையில் கையெழுத்துப் போடும்போது, நாளை ஒருவர் இங்கே வந்து கேட்பார் என்ற அச்சத்தோடு போட்டார்கள். அந்த அச்சம்தான் இந்த நீதிமன்றம் மக்களுக்குச் செய்த பெரிய வேலை. தீர்ப்புகள்கூட அதற்கு அடுத்தபடிதான். யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரிந்துகொண்ட அரசாங்கத்துக்கு அச்சம் எதற்கு? வழக்கே இல்லை என்று நாங்கள் பெருமைப்பட்டோம். வெட்கப்பட்டிருக்க வேண்டும்.”

ஆணை ரத்து. ஊர் முழுவதற்கும். இரண்டாவது கேள்வியை நாட்டில் எந்தத் துறையும் எந்த இயந்திரத்திடமும் கேட்கக் கூடாது. வடக்கு வரிசை வீடுகளை வாரியமே கட்டித்தர வேண்டும். நான் பிலோமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. “லாரிக்காரன் நிக்க மாட்டான் வக்கீலம்மா, நான் போறேன்” என்றாள்.

வாரியம் டில்லிக்கு அப்பீல் போனது. அடுத்த வாரம் கஸ்பார் வெளியூர் டீக்கடை ஒன்றின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“வக்கீலம்மா, ஊர்விலக்க எடுத்துரலாம்னுதான் இருந்தோம். ஆனா அப்பீல்ல தடை வந்துட்டா மறுபடி அவதான மனு போடணும்? இப்பச் சேத்துட்டு அப்புறம் விலக்குனா மெஷினு நம்புமா? டில்லி முடியிற வரைக்கும் இப்படியே இருக்கட்டுமா?”

சட்டப்படி யோசித்தால் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. “ம்” என்றேன்.

டில்லியில் ஒரு வழக்கு முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கஸ்பாருக்கும் தெரியும். நான் அதை யோசிக்காமல் வேறு வேலை பார்த்தேன். அந்தத் தீர்ப்புக்காக என்னைப் பேசக் கூப்பிட்டார்கள், சால்வை போர்த்தினார்கள்.

தை பிறந்து ஒரு காலையில் பிலோமி என் அலுவலகப் படியேறி வந்தாள். ஆள் பாதியாக இருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வடக்கு வரிசை வீடுகளுக்குக் கூரை போட்டாயிற்று, புதுமனை புகுவிழா நடந்தது, அதற்கு அவளைக் கூப்பிடவில்லை என்றாள். ஜெனிட்டாவின் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. ஜெனிட்டா தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டு, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

“ஒரு கேசு போடணும்” என்றாள்.

“யார் மேல?”

“ஊர்க்கமிட்டி மேல. என்னச் சேத்துக்கிடச் சொல்லி.”

“அந்தத் தீர்ப்பாயம் கவர்மென்டை மட்டும்தான் கேக்கும் பிலோமி. ஊரைக் கேக்காது.”

“அப்ப ஊர எந்தக் கோர்ட்டு கேக்கும்?”

“முன்சீப் கோர்ட்ல போடலாம்.”

“அங்கயே போடுவோம்.” அவள் விரலை மடக்கத் தொடங்கினாள். “மொத எதிரி கஸ்பாரு. ரெண்டாவது கமிட்டி. மூணாவது நீங்க.”

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

“வலைக்கூடத்துல வச்சு நாதி இல்லன்னு சொன்னப்ப அவரு ஒங்களத்தான் பாத்தாவ. நீங்க ‘ம்’முன்னிய. பொறவு போன்ல கேட்டப்பவும் ம்முன்னியளாம். கஸ்பாரே சொன்னாவ. அந்த மெஷினு என்ன பண்ணுச்சு? திருப்பிக் கேக்க மாட்டான்னு பாத்து எடுத்துச்சு. நீங்க என்ன பண்ணுனிய?”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. உனக்காகத்தானே செய்தோம் என்று கத்த வாயெடுத்தேன். அவள் சம்மதித்துத்தானே செய்தாள், ஊர் பிழைத்ததே, சட்டம் நின்றதே என்று வரிசையாக வாதங்கள் வந்தன. நல்ல வாதங்கள். வாரியத்துக்காக யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லக்கூடிய வாதங்கள்.

“நான் எதிர்மனுதாரர்னா, இந்தக் கேஸை நான் எடுக்க முடியாது பிலோமி.”

“தெரியும். நல்ல வக்கீலா ஒரு பேரு சொல்லுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். இந்த ஊர்ல ஒங்களத் தவுர எனக்கு யாரத் தெரியும்?”

நான் ஒரு துண்டுக் காகிதத்தில் குற்றாலிங்கத்தின் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“அன்னைக்கு நம்மள எதுத்து நின்னாரே, அவரா?”

“அவன்தான். என்னை எதிர்த்து வாதாட அவனை விட்டா ஆள் கிடையாது. நான் அனுப்புனேன்னு சொல்லு, ஃபீஸ் கேக்க மாட்டான்.”

அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். ஜூனியர் உள்ளே வந்து, அடுத்த கட்சிக்காரரை அனுப்பலாமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். முதலில் எனக்கு ஒரு வக்கீல் பார்க்க வேண்டியிருந்தது.